ஓடையோரம் மரவீடு வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலம், கேரியில் இருக்கிறோம். விடுமுறைக்குப் போய்த் தங்கவும் மற்ற நாட்களில் வாடகைக்கு விடவும் யான்சி கவுன்ட்டி மலைப்பகுதியில் ஒரு மரவீடு பார்த்திருக்கிறோம். ஓடையை ஒட்டி ஒரு ஏக்கர், நல்ல சமதளம். ஃபெமா (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வரைபடத்தில் வெள்ளப் பகுதிக்கு வெளியேதான் இருக்கிறது. 2024 ஹெலீன் புயலில்கூட வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்கிறார் தரகர். நம்பி வாங்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் என்னை முதலில் உறுத்தியது ‘நல்ல சமதளம்’ என்பதுதான். மலையில் சமமான இடம் சும்மா அமைந்துவிடாது. ஒன்று, யாராவது வெட்டி நிரவியிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும். ஓடையோரத்துச் சமதளம் பெரும்பாலும் இரண்டாவது வகை. அது எந்த வகை என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

யான்சி கவுன்ட்டியில்தான் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான சிகரமான மவுன்ட் மிட்செல் இருக்கிறது, 2,037 மீட்டர். அட்லான்டிக்கிலிருந்தும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் ஈரக்காற்று வந்து இந்த மலைச்சுவரில் மோதி மேலேறும்போது சுமையை இறக்கிவிடும். ஹெலீனின்போது இந்த கவுன்ட்டியின் பிஸிக் என்ற இடத்தில் ஒரு சில நாட்களுக்குள் 30.78 அங்குலம், அதாவது 78 செ.மீ. மழை பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல்.

ஹெலீன் ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது, இனி நம் காலத்தில் வராது என்று அங்கே பலர் சொல்லக் கேட்பீர்கள். பழைய கணக்கைப் புரட்டினால் அந்தத் தைரியம் நிற்காது. 1916 ஜூலையில் பக்கத்து மிட்செல் கவுன்ட்டியின் அல்டாபாஸில் 24 மணி நேரத்தில் 22.22 அங்குலம் கொட்டியது. 1940 ஆகஸ்டில் பெருவெள்ளம். 1977 நவம்பரில் மீண்டும். 2004 செப்டம்பரில் ஃபிரான்ஸிஸ், இவான் என்று அடுத்தடுத்து இரண்டு புயல். 2021 ஆகஸ்டில் ஃப்ரெட் புயலின் மிச்சம் ஹேவுட் கவுன்ட்டியில் பிஜன் ஆற்றைப் பெருக்கி 6 பேரைக் கொண்டுபோனது.

இந்தப் பட்டியலை எப்போது பார்த்தாலும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது: பெரிய அழிவுகளில் மழை இரண்டு தவணையாக வந்திருக்கிறது. 1916-ல் ஜூலை முதல் பாதியில் வந்த முதல் புயல் மண்ணை ஊற வைத்தது. சில நாள் கழித்து வந்த இரண்டாவது புயல் அழித்தது. 1940-ல் ஒரே மாதத்தில் இரண்டு வெள்ளம். 2004-ல் ஃபிரான்ஸிஸ் போன பத்தே நாளில் இவான். 2024-லும் ஹெலீன் வருவதற்கு முன்பே, செப்டம்பர் 25, 26-ல் வேறொரு மழை கொட்டி மலை ஊறிப்போயிருந்தது. ஊறிய மலை அடுத்த மழையை உள்ளே வாங்காது. தண்ணீர் அப்படியே ஓடும், அல்லது மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும்.

மண்ணும் சேர்ந்து வருவதுதான் நான் உண்மையில் பயப்படுவது. இவான் இரவில் மேக்கன் கவுன்ட்டியின் பீக்ஸ் கிரீக் என்ற சின்ன ஓடையில் மலை உடைந்து சேறும் பாறையும் மரமுமாக வந்து 5 பேரைக் கொன்றது. 2024 ஜூலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நாம் பார்த்ததும் இதே வகைதான்.

சரி, ஃபெமா வரைபடம்? அது பொய்யில்லை, ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. ஆற்று நீர் ஏறி வந்தால் எதுவரை வரும் என்பதைத்தான் அது காட்டும். ஒரு சதுர மைலுக்கும் குறைவான நீர்ப்பிடிப்புள்ள ஓடைகளை அதில் பெரும்பாலும் அளந்திருக்கவே மாட்டார்கள். உங்கள் ஓடை அப்படிப்பட்டதாக இருந்தால் ‘வெள்ளப் பகுதிக்கு வெளியே’ என்பதற்கு ‘யாரும் பார்க்கவில்லை’ என்றே பொருள். மாநில நிலவியல் துறை தனியாக மண்சரிவு வரைபடம் தயாரிக்கிறது. அதில் வீட்டுக்கு மேலே உள்ள சரிவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஹெலீனில் தப்பியது நல்ல செய்திதான், ஆனால் சான்றிதழ் ஆகாது. ஒரு பள்ளத்தாக்கில் சரிந்த மலை அடுத்த பள்ளத்தாக்கில் சரியாமல் நிற்கும். அப்புறம், அன்று முறிந்த மரங்களும் தளர்ந்த மண்ணும் இன்னும் மேலேயே கிடக்கலாம்.

அதனால் ஒருநாள் நேரில் போய் ஓடைக்கரையில் நின்று பாருங்கள். கரை அரித்த இடத்தில் மண்ணின் வெட்டுமுகம் தெரியும். கூழாங்கல்லும் மணலும் அடுக்கடுக்காக இருந்தால் அது ஆற்று வண்டல். முனை மழுங்காத பெரிய பாறைகள் சேற்றோடு கலந்து, பெரியது சிறியது என்ற வரிசையே இல்லாமல் கிடந்தால், ஒரு காலத்தில் மலையே உடைந்து இங்கே வந்திருக்கிறது. தோட்டத்தின் நடுவே அழகுக்கு வைத்ததுபோல ஆள் உயரப் பாறை இருந்தால், அது எப்படி வந்தது என்று கேளுங்கள். பள்ளத்தாக்கின் வாயில் நிலம் விசிறிபோல விரிந்திருந்தால், அதை விரித்ததும் அப்படி வந்த மண்தான்.

அடுத்து, வீட்டுக்குப் போகும் பாதை ஓடையைக் கடக்கும் இடம். பெரும்பாலும் பாதைக்கு அடியில் ஒரு குழாயைப் பதித்திருப்பார்கள். 100 ஏக்கர் நீர்ப்பிடிப்பில் மணிக்கு ஓர் அங்குலம் மழை பெய்து, ஊறிய மண்ணில் அது முழுதும் ஓடி வந்தால் நொடிக்கு 2,800 லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நாலு நொடிக்கு ஒன்றாகக் கவிழ்ப்பதுபோல. இரண்டடிக் குழாய் அதில் கால் பங்கைத்தான் வாங்கும். ஒரு மரக்கிளை வாயில் சிக்கினால் அதுவும் இல்லை. பாதை அறுந்தால் வீடு நன்றாக இருந்தும் நீங்கள் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். தனியார் பாதை என்றால் மாநில அரசு வந்து போட்டுத் தராது, செலவு உங்களுடையது. அந்தப் பாதையைச் சேர்ந்து பராமரிக்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் மண்சரிவும் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு, வீடு வரைபடத்தின் வெள்ளப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் கிடைக்கும். கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருளுக்கு 1,00,000 டாலர் உச்சவரம்பு. கடன் வாங்கும்போதே சேர்த்து எடுக்காவிட்டால் பொதுவாக 30 நாள் கழித்தே செல்லும். சேறாக ஓடி வந்ததை அது ஏற்கும், மலை சரிந்து விழுந்ததை ஏற்காது. மண்சரிவுக்குத் தனிக் காப்பீடு தேட வேண்டும்.

தரகரின் வாய்வார்த்தை வேண்டாம். 2024 ஜூலை முதல் இம்மாநிலத்தில் விற்பவர் தரும் சொத்து விவரப் படிவத்தில் வெள்ளச் சேதம், காப்பீட்டுக் கோரிக்கை பற்றிய கேள்விகள் உண்டு. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால், அக்கம்பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டியவர் யாரையாவது பார்த்து, 1977-ல் தண்ணீர் எதுவரை வந்தது, 2004-ல் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கையை நீட்டி இடத்தைக் காட்டுவார்கள். அந்த இடத்துக்கு மேலே வீடு இருக்கிறதா, வெட்டுமுகத்தில் பாறைக்கலவை இல்லையா, பாதை தாங்குமா என்ற மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், ஒரு நிலவியல் பொறியாளரை அழைத்துப்போய் உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். வெட்டுமுகத்தில் பாறைக்கலவை இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.