தோட்டத்துல வந்து உக்காந்த இளம் வல்லூறு எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வியப் படிச்சதும் பதில் எழுதிடணும்னு தோணிச்சு, ஏன்னா இதே குழப்பம் எனக்கும் இருந்துச்சு. வீட்டுக்குப் பின்னாடி மரத்துல புறா சைஸ்ல ஒரு பறவை, முதுகு பழுப்பு, நெஞ்சு வெள்ளை, அதுல மேலருந்து கீழ பழுப்புக் கீறல், கண்ணு மஞ்சள், அரை மணி நேரம் அசையாம உக்காந்திருந்துச்சு, ஆனா நெட்ல தேடின பருந்து படம் வல்லூறு படம் எதோடயும் பொருந்தல, இது என்னன்னு கேட்டிருக்கீங்க. நீங்க சொல்ற அடையாளத்த வச்சுப் பாத்தா அது பெரும்பாலும் இளம் ஷிக்ராதான். வல்லூறுன்னும் சொல்வாங்க, வைரின்னும் சொல்வாங்க.

படம் பொருந்தாம போனதுக்குக் காரணம் வயசு. நெட்ல முதல்ல வர்றதெல்லாம் வளந்த பறவையோட படம். வளந்த ஷிக்ராவுக்கு முதுகு சாம்பல் நிறம், நெஞ்சுல பொடிப்பொடியா செம்பழுப்புக் குறுக்குக் கோடு, ஆணுக்குக் கண்ணு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த மாதிரி இருக்கும். இளசுக்கு இதெல்லாம் அப்படியே வேற. முதுகு பழுப்பு, கண்ணு மஞ்சள், நெஞ்சுல குறுக்குக் கோட்டுக்குப் பதிலா நெடுக்குக் கீறல், கீழ வயித்துப் பக்கம் போகப்போக அந்தக் கீறலே சொட்டுச் சொட்டா புள்ளியா மாறும். முத வருஷத்துச் சிறகு உதிர்ந்து புதுசு முளைக்கிற வரைக்கும் அம்மா அப்பா சாயலே அதுகிட்ட இருக்காது. அதனால இளம் பறவைய நிறத்த வச்சுத் தேடினா கிடைக்காது, வயசானாலும் மாறாத விஷயத்தத்தான் பாக்கணும்.

அப்படி மாறாத விஷயத்துல முதல்ல தொண்டையப் பாருங்க. ஷிக்ராவுக்கு வெள்ளைத் தொண்டையில நட்டநடுவுல பென்சில்ல இழுத்த மாதிரி ஒத்தக் கோடு ஒண்ணு இறங்கும், பெரிசுக்கும் உண்டு, சின்னதுக்கும் உண்டு, சின்னதுக்கு இன்னும் நல்லாவே தெரியும். நான் இத முதன்முதலா கிட்டத்துல பாத்தது ஒரு மே மாசம். ஜன்னலுக்கு வெளிய பத்தடி தள்ளி மதில் மேல ஒண்ணு வந்து இறங்குச்சு, காலுக்கடியில ஓணான், அதோட வால் இன்னும் துடிச்சுக்கிட்டிருக்கு. ரெண்டு இறக்கையையும் குடை மாதிரி விரிச்சு இரைய மூடிக்கிட்டு ஒரு வாய் கிழிக்கும், சுத்திப் பாக்கும், மறுபடி ஒரு வாய். மேல காக்கா ஒண்ணு கத்தினதும் தலையத் தூக்கி அண்ணாந்து பாத்துச்சு பாருங்க, அப்பத்தான் அந்தத் தொண்டைக் கோடு பளிச்சுன்னு தெரிஞ்சது, பின்னந்தலையில இன்னும் உதிராத வெள்ளப் பஞ்சு மாதிரி ரெண்டு மூணு குஞ்சு மயிர் காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு. அத இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு மனசு நெறஞ்சு போகும்.

அடுத்தது மூக்கும் காலும். இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா அக்காக்குயில்னு ஒண்ணு இருக்கு, அது அச்சு அசல் ஷிக்ரா மாதிரியே இருக்கும், பறக்கிறதும் அதே மாதிரிதான், கிளையில வந்து உக்காந்ததும் வாலை ஆட்டுறதும் அதே மாதிரிதான். அதோட இளசுக்கும் நெஞ்சுல பழுப்புக் கீறல் உண்டு. ஒரு தடவை ஒரு வாரம் முழுக்க நான் இளம் ஷிக்ரான்னு நம்பிப் பாத்துக்கிட்டிருந்த பறவைக்கு தவிட்டுக்குருவி ஒண்ணு வந்து புழு ஊட்டுச்சு, எனக்கு ஒண்ணுமே புரியல. அப்புறம்தான் தெரிஞ்சது, அக்காக்குயில் தவிட்டுக்குருவி கூட்டுல முட்டை வச்சிட்டுப் போயிடும், தன்னை விடப் பெரிய அந்தக் குஞ்ச தவிட்டுக்குருவிங்கதான் வளக்கும்னு. குயிலுக்கு அலகு கிட்டத்தட்ட நேரா, நுனியில லேசா மட்டும்தான் வளையும், காலு குட்டையா நோஞ்சானா இருக்கும், முன்னாடி ரெண்டு விரல் பின்னாடி ரெண்டு விரல். வல்லூறுக்கு அலகு ஆரம்பத்துலயே கொக்கியா வளைஞ்சிருக்கும், மஞ்சக் காலு நீளமா, நகம் கறுப்பா கூரா இருக்கும். காலு தெரிஞ்சிட்டா சந்தேகமே வராது.

மத்ததெல்லாம் சுலபமா கழிச்சிடலாம். கரும்பருந்து இதவிட ரொம்பப் பெரிசு, வால் நுனி நடுவுல வெட்டின மாதிரி இருக்கும். ஃபால்கன்னு சொல்ற இன்னொரு வேட்டைப் பறவை வகைக்குக் கண்ணு கருகருன்னு இருக்கும், இறக்கை நுனி கூரா இருக்கும், ஷிக்ராவுக்கு இறக்கை குட்டை, வட்டம், வால் மட்டும் நீளம், நாலஞ்சு தடவை படபடன்னு அடிச்சிட்டு அப்படியே மிதந்து போகும். கொஞ்சம் கஷ்டம்னா பெஸ்ரான்னு இத மாதிரியே இருக்கிற இன்னொரு வல்லூறுதான், அதுக்கும் தொண்டையில கோடு உண்டு, ஆனா தடிப்பா இருக்கும், அது காட்டுப் பறவை, வீட்டுப் பக்கம் வர்றது அபூர்வம்.

சத்தமும் கவனிங்க. கூட்ட விட்டு வந்த புதுசுல இளசுங்க அந்த மரத்தச் சுத்தியே இருந்துக்கிட்டு சாப்பாடு கேட்டு ஓயாம கத்தும், பெரிசுங்கதான் இரை கொண்டாந்து குடுக்கும். ஆனா சத்தத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, கரிச்சான் ஷிக்ரா மாதிரியே கத்தும். அணிலும் சின்னக் குருவிங்களும் ஒரே நேரத்துல எச்சரிக்கை குடுக்க ஆரம்பிச்சா மட்டும் மேல பாருங்க, எங்கயாவது இலைக்குள்ள உக்காந்திருக்கும். இந்தியாவுல பெரும்பாலும் மார்ச்லருந்து ஜூன் வரைக்கும் இதுங்க கூடு கட்டுற காலம், அதனால அத ஒட்டின மாசங்கள்ல இளசுங்க அதிகமா கண்ணுல படும். அறிவியல் பேர் போட்டுத் தேடுறதா இருந்தா ஆக்ஸிபிட்டர் பேடியஸ்னு பழைய பேர்லயும் தேடுங்க, 2024ல பேரினத்த மாத்தி டாக்கிஸ்பைசான்னு வச்சிருக்காங்க, ரெண்டும் ஒரே பறவைதான்.

ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன். அது தரையில உக்காந்திருந்தாலும் உடனே தூக்கிடாதீங்க. பறக்கப் பழகுறப்போ தரையில இறங்குறது சகஜம், பக்கத்துலயே அம்மா இருக்கும், பூனை நாய் வராம பாத்துக்கிட்டா போதும். ரத்தமோ தொங்குற இறக்கையோ இருந்தா மட்டும் துணி போட்டு மூடி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில இருட்டா வச்சு வனத்துறைக்குச் சொல்லிடுங்க, பால், சோறு எதுவும் ஊட்டாதீங்க, வாயில தண்ணி ஊத்துனா மூச்சுக்குழாய்க்குப் போயிடும். வளக்கலாமான்னு ஆசை வந்தாலும் வேணாம், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம்.

அடுத்த தடவை வந்துச்சுன்னா முதுகுப் பக்கம் எடுக்காம, தொண்டையும் காலும் தெரியிற மாதிரி முன்பக்கத்துலருந்து ரெண்டு போட்டோ எடுங்க, கிட்ட போக வேணாம், ஜன்னல் வழியாவே ஜூம் பண்ணி எடுத்தாலும் அந்தக் கோடு தெரிஞ்சிடும். அத இங்க போட்டீங்கன்னா பாத்துச் சொல்றேன்.