வெட்டிய துண்டுகள் கலந்துபோகாமல் இருக்க

கேள்வி: பேட்டர்ன் (துண்டுகளின் வடிவம் வரைந்த காகிதம்) வைத்துத் துணியை வெட்டி முடித்ததும் எது முன்பக்கம், எது பின்பக்கம், எது எந்தக் கை என்றே புரியாமல் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வெட்டியதுமே காகிதத்தை எடுத்துவிடாதீர்கள். அந்தத் துண்டைத் தைக்க உட்காரும் வரை குண்டூசியோடு அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் துண்டின் பெயர், நூலோட்ட அம்புக்குறி (துணியின் நூல் ஓட வேண்டிய திசை), டார்ட் (உடல் வடிவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் இடம்) புள்ளி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எடுக்கும் முன் டார்ட்டையும், துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்த உதவும் ஓரக் குறிகளையும் துணியில் மாற்றிக்கொள்ளுங்கள். கை விஷயத்தில் பெரும்பாலான பேட்டர்ன்களில் ஒற்றைக் குறி முன்பக்கம், இரட்டைக் குறி பின்பக்கம். இதை மாற்றி வைத்தால் கை முறுக்கிக்கொள்ளும். இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிற துணியா? உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போதும்.

அப்புறம், ஒரே தாளில் பல அளவுகள் இருந்தால் அதை வெட்டவே வேண்டாம், உங்கள் அளவை மட்டும் வேறு காகிதத்தில் பிரதி எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் உடுப்பின் பெயர், அளவு, எத்தனை வெட்ட வேண்டும், துணியின் மடிப்பில் வைக்க வேண்டுமா என்று எழுதிவிடுங்கள். தையலுக்கு விடும் 1.5 செ.மீ. அதில் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். சில மாதம் கழித்து எடுக்கும்போது அதுதான் முதலில் மறந்திருக்கும். ஓர் உடுப்புக்கு ஒரு பெரிய கவர், அதற்குள்ளேயே துணியின் சிறு துண்டு ஒன்றும் பட்டன் கணக்கும்.