ஏற்றத்தில் ஆடுகிறது, பிரேக் பிடித்தால் இறுகுகிறது: குறை வண்டியிலா, செட்டிங்கிலா?

கேள்வி: ஹெல்மெட், தண்ணீர்ப் பையோடு என் எடை 78 கிலோ. பின்பக்கம் 150 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலேறும் தூரம்) உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். 210x55 அளவு ஏர் ஷாக், 150 பிஎஸ்ஐ காற்று. ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் சீட் மேலும் கீழும் ஆடுகிறது. முழங்கால் உயரத்திலிருந்து குதித்து இறங்கினாலே ஷாக் அடிவரை போய் முட்டுகிறது. கல் நிறைந்த இறக்கத்தில் பின் பிரேக் பிடித்தால் பின்பக்கம் இறுகித் தடதடக்கிறது. வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே ஷாக் தண்டில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) 22 மி.மீ. நகர்ந்துவிடுகிறது. பின் அச்சுக்குச் சற்று மேலே, சீட்ஸ்டேயின் (பின்சக்கரத்தின் மேல்பக்கக் குழாய்) முனையில் ஒரு பிவட் (அசையும் மூட்டு) இருக்கிறது. பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) செயின்ஸ்டேயில், அதாவது கீழ்க்குழாயில். இதை விற்றுவிட்டு, பின்பக்கம் இரண்டு குட்டை இணைப்புத் தண்டுகள் கொண்ட டூயல் லிங்க் வண்டி வாங்கச் சொல்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் காற்று குறைவாக இருப்பதால் வருபவை. மூன்றாவதுதான் உங்கள் வண்டியின் வடிவமைப்போடு சம்பந்தப்பட்டது.

அந்த 22 மி.மீ. கணக்கிலிருந்து தொடங்குவோம். உங்கள் ஷாக்கின் ஸ்ட்ரோக் (அது அமுங்கக்கூடிய நீளம்) 55 மி.மீ. அதில் 22 என்பது 40 சதவீதம். இந்த வகை டிரெயில் வண்டிக்கு சாக் (ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவு) 28 முதல் 30 சதவீதம், அதாவது 15.5 முதல் 16.5 மி.மீ. இருந்தால் போதும். நீங்கள் மிதிக்கத் தொடங்கும் முன்பே டிராவலில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு குதித்தால் அடி முட்டாமல் என்ன செய்யும்?

ஏற்றத்தில் ஆடுவதற்கும் இதே சாக்தான் பெரிய காரணம். மிதிக்கும்போது வண்டி முன்னே பாய்கிறது, எடை பின்னால் சாய்கிறது, ஷாக் அமுங்கப் பார்க்கிறது. அதே நேரத்தில் செயினின் இழுவிசை, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை எதிர்த்திசையில் தள்ளி, ஷாக்கை நீட்டப் பார்க்கிறது. இந்த எதிர்ப்பின் அளவைத்தான் ஆன்டி-ஸ்குவாட் என்கிறோம். இரண்டும் சமமானால் 100 சதவீதம். பெரும்பாலான ஃபிரேம்களில் சாக் புள்ளியை ஒட்டி இது 100-ஐ நெருங்கும்படி வைத்திருப்பார்கள். டிராவலில் ஆழமாகப் போகப் போக இது குறையும். 40 சதவீத ஆழத்தில் உட்கார்ந்து மிதிக்கும் நீங்கள், வடிவமைத்தவர் கொடுத்த ஆதரவில் ஒரு பகுதியைப் பயன்படுத்தவே இல்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: ஆன்டி-ஸ்குவாட் 100 இருந்தாலும், கால்கள் மேலும் கீழும் போவதால் உடம்பு குலுங்குவதை எந்த லிங்கேஜாலும் முழுவதும் நிறுத்த முடியாது. நீண்ட, சீரான ஏற்றத்துக்கு ஷாக்கில் இருக்கும், அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் கிளைம்ப் லீவரைத் தயங்காமல் போடுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது.

காற்றை இப்படிச் சரிசெய்யுங்கள். ஓட்டும்போது போடும் உடை, ஷூ, பை எல்லாம் அணிந்துகொள்ளுங்கள். உடல் எடை பவுண்டில் எவ்வளவோ அத்தனை பிஎஸ்ஐ என்பது பல ஏர் ஷாக்குகளுக்குத் தொடக்கப் புள்ளி. உங்களுக்கு அது 172. ஷாக் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். காற்று ஏற்றியதும் பம்பைக் கழற்றிவிட்டு, டிராவலின் கால் பங்கு வரை பத்து முறை மெதுவாக அமுக்கி விடுங்கள். உள்ளே பாசிட்டிவ், நெகட்டிவ் என இரண்டு அறைகள் உண்டு. அமுக்கினால்தான் இரண்டிலும் அழுத்தம் சமமாகும். பலர் இதைச் செய்யாமல் அளந்து, தவறான எண்ணை நம்பிவிடுகிறார்கள். பிறகு லீவரைத் திறந்த நிலையில் வைத்து, சுவரைப் பிடித்தபடி ஏறி, பெடல் மீது நின்று, மெதுவாகச் சீட்டில் உட்காருங்கள். ஓ-ரிங்கை ஷாக்கின் சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்கி அளந்து பாருங்கள். 5 பிஎஸ்ஐ கூட்டியோ குறைத்தோ 16 மி.மீ. அருகே கொண்டு வாருங்கள்.

காற்று கூடினால் ஸ்பிரிங்கின் உந்துதலும் கூடும், பழைய ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகம்) அளவு இனிப் பொருந்தாது. நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கிப் பாருங்கள். ஷாக் அமுங்கி, நீண்டு, அப்படியே அமைதியாக வேண்டும். இரண்டாம் முறை துள்ளினால் ரீபவுண்டை ஒரு கிளிக் மெதுவாக்குங்கள். அளவுக்கு மீறி மெதுவாக்கினாலும் ஆபத்துதான்: வரிசையாகக் கல் வரும் இடத்தில் ஷாக் நீள்வதற்குள் அடுத்த அடி விழும், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே தங்கிவிடும், பலகை மேல் உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

சாக் சரியான பிறகும் அடி முட்டினால், வால்யூம் ஸ்பேசர் (காற்றறைக்குள் வைக்கும் துண்டு) ஒன்று சேருங்கள். திறக்கும் முன் காற்றை முழுவதுமாக வெளியேற்றிவிடுவது கட்டாயம். இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு லெவரேஜ் விகிதத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் சக்கரம் 150 மி.மீ. நகர்ந்தால் ஷாக் 55 நகர்கிறது: சராசரி 2.73. ஆனால் வழி நெடுக அது ஒரே அளவில் இருக்காது. தொடக்கத்தில் 3.0, கடைசியில் 2.5 என்று குறையும் ஃபிரேமில் ஏறத்தாழ 17 சதவீத புரோகிரெஷன் (விகிதம் குறையும் அளவு). அதிக விகிதம் இருக்கும் தொடக்கத்தில் சிறு கற்களுக்கும் ஷாக் இசைந்து கொடுக்கும், குறைந்த விகிதம் வரும் கடைசியில் இறுகும். ஃபிரேம் தானாகவே அதிகம் இறுகாவிட்டால், அந்த வேலையைக் காற்றறையைச் சிறிதாக்கும் ஸ்பேசர் செய்கிறது. புரோகிரெஷன் குறைந்த ஃபிரேமில் காயில் (கம்பிச் சுருள்) ஷாக் போடாதீர்கள். அடி முட்டும் தொல்லை திரும்பி வரும்.

இனி பிரேக். அச்சுக்கு மேலே பிவட் என்றால் உங்களுடையது லிங்கேஜ் வைத்த சிங்கிள் பிவட், அதாவது பின்சக்கரம் ஒரே மூட்டைச் சுற்றி அசையும் வகை. ஹோர்ஸ்ட் லிங்க் என்ற இன்னொரு வகையாக இருந்தால் அந்தப் பிவட் அச்சுக்கு முன்னே, செயின்ஸ்டேயில் இருக்கும். உங்கள் வண்டியில் காலிப்பர் ஸ்விங்ஆர்மோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால், பிரேக் விசை ஷாக்கை அமுக்கப் பார்க்கிறது. இதற்குப் பெயர் ஆன்டி-ரைஸ். இந்த வகையில் பொதுவாக அதிகம், ஹோர்ஸ்ட் லிங்க்கில் குறைவு. அதிகமாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டியின் பின்பக்கம் தூக்காமல் தாழ்ந்தே இருக்கும். ஆனால் கற்கள் மேல் அதுவே பின்பக்கத்தை இறுக்குகிறது. ஆகவே கற்களுக்கு முன் இருக்கும் சமதரையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, கல் வரும்போது பின் பிரேக்கை விடுங்கள். முன் பிரேக்குக்குக் கூடுதல் வேலை கொடுங்கள்.

நண்பர் சொல்லும் டூயல் லிங்க் பற்றி. டேவ் வீகிளின் டிடபிள்யூ-லிங்க், சான்டா குரூஸின் விபிபி, ஜயன்ட்டின் மேஸ்ட்ரோ எல்லாம் இரண்டு குட்டை லிங்க் கொண்டவை. ஆன்டி-ஸ்குவாட் எந்த இடத்தில் எவ்வளவு என்று தீர்மானிக்க அவை வடிவமைப்பவருக்கு அதிகச் சுதந்திரம் தருகின்றன. ஆனால் லிங்க் எண்ணிக்கை மட்டும் மிதிப்பைச் சரிசெய்யாது. ஆன்டி-ஸ்குவாட்டைக் கூட்டினால் ஷாக் அமுங்கும்போது செயின் இழுபட்டு, பெடல் பின்னோக்கி உதைக்கும். சிறிய செயின்ரிங் (முன் பல்சக்கரம்) மாட்டினாலும் இதே கதைதான்: ஆட்டம் சற்றுக் குறையும், உதை சற்றுக் கூடும். குட்டை லிங்க்குகளின் பேரிங்குகள் மேல் சுமையும் அதிகம். சேற்றில் ஓட்டினால் அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

உங்கள் வண்டியின் பேரிங்குகளையும் ஒருமுறை பாருங்கள். சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி இறக்கும்போது, இன்னொரு கை விரலை ஷாக் ஐலெட் (போல்ட் நுழையும் துளை) மேல் வையுங்கள். சின்னதாக ஒரு 'டக்' விரலில் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, மலிவான பாகம்தான். பிறகு ஷாக்கின் ஒரு போல்ட்டைக் கழற்றி, ஸ்விங்ஆர்மைக் கையால் ஏற்றி இறக்குங்கள். நரநரவென்று சிக்கினால் பேரிங்கை மாற்றுங்கள். திரும்ப முடுக்கும்போது ஃபிரேம் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவையே பின்பற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரேக் பிடிக்கையில் வரும் தடதடப்பு மட்டும் உங்களைத் தொந்தரவு செய்தால், ஹோர்ஸ்ட் லிங்க் வண்டி ஒன்றையும், டூயல் லிங்க் ஒன்றையும் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். மூன்றிலும் 30 சதவீத சாக், ஒரே டயர் அழுத்தம் வைத்து, அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.