எட்டாம் வகுப்பு மகனுக்கு வந்த முகாம் அழைப்பும் வீட்டின் மேல் ஏறும் கடனும்

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கு வயது 44, எச்1பி விசாவில் ஐ.டி. வேலை, ஆண்டுச் சம்பளம் 1,68,000 டாலர். மனைவி வேலைக்குப் போகவில்லை. இங்கேயே பிறந்த மகன் இப்போதுதான் 8ஆம் வகுப்பு முடித்தான். அமெரிக்கன் ஃபுட்பாலில் வைட் ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவன். வயதை மீறிய உயரம், நல்ல வேகம். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் துறையிலிருந்து அவன் பெயர் போட்டே கோடை முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு வருடமாக 7-ஆன்-7 (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) கிளப், தனிப் பயிற்சியாளர், முகாம்கள் என்று செலவழித்ததில் ஹெலாக் (வீட்டை ஈடாக வைத்துத் தேவைக்கேற்ப எடுக்கும் கடன்) பாக்கி 31,000 டாலர், வட்டி 8.5%. என் மனைவியின் அண்ணன், "பையனை ஒரு வருடம் தனியார் பள்ளியில் மறுபடியும் 8ஆம் வகுப்பில் போடு, உடம்பு தேறிவிடும். கூடவே, கல்லூரிக் கோச்சுகளிடம் பையனை அறிமுகப்படுத்தும் ஒரு ரெக்ரூட்டிங் சர்வீஸிலும் சேர்த்துவிடு. இன்றைக்கு 30 ஆயிரம் போட்டால் நாளைக்கு இரண்டரை லட்சம் ஸ்காலர்ஷிப்" என்று விடாமல் சொல்கிறார். ஒரு நண்பர் வேறு ஐயுஎல் பாலிசி (பங்குக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) ஒன்றைக் காட்டுகிறார். மைத்துனர் சொன்ன செலவுக்கு என் ஓய்வுகாலச் சேமிப்பான 401(கே)யில் கடன் எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். அதைவிட முக்கியம், ஹெலாக்கிலிருந்து இனி ஒரு டாலர்கூட எடுக்காதீர்கள். மகனின் ஆட்டத்திலோ ஆசையிலோ குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சீசன் செலவையும் வீட்டின் மேல் எழுதிவிட்டு, 'ஸ்காலர்ஷிப் வந்தால் அடைத்துவிடலாம்' என்று நினைக்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது.

முதலில் அந்த அழைப்பைப் பார்ப்போம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன்னால் கல்லூரிக் கோச் ஒரு மாணவனுக்குத் தேர்வு சம்பந்தமான கடிதம் எதையும் அனுப்ப முடியாது. முகாம் விளம்பரம், விவரம் கேட்கும் படிவம் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. உங்கள் வீட்டுக்கு வந்தது அந்த விளம்பரம். கல்லூரிகள் நடத்தும் முகாம்கள் வயது, வகுப்பு, எண்ணிக்கை வரம்புக்குள் பணம் கட்டும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே அழைப்பு வந்ததாலேயே யாரோ உங்கள் மகனைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆகாது. ஏதாவது ஒரு பதிவில் கொடுத்த முகவரிக்குப் பெயர் மட்டும் மாற்றிப் போகும் கடிதமாகவே பெரும்பாலும் இருக்கும்.

8ஆம் வகுப்பிலேயே 'ஆஃபர்' வாங்கிய பிள்ளைகள் உண்டே என்று உங்கள் மைத்துனர் கேட்பார். உண்டு. 2010இல் டேவிட் சில்ஸ் என்ற 13 வயது குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), யுஎஸ்சி என்ற தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வருவதாக வாய்மொழியாக உறுதி சொன்னான். நாடே பேசியது. அவனை அழைத்த கோச் லேன் கிஃபின் 2013இல் வேலையை விட்டே நீக்கப்பட்டார். அடுத்து வந்தவர்களின் திட்டத்தில் பையனுக்கு இடமில்லை. கடைசியில் அவர் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வைட் ரிசீவராக மாறி 2017இல் 18 டச்டவுன் எடுத்தார் என்பது அவருடைய உழைப்பு. 13 வயதில் கிடைத்த வார்த்தை அதில் உதவவில்லை.

காரணம் எளிது. வாய்மொழி ஆஃபர் கல்லூரியையும் கட்டாது, பையனையும் கட்டாது. எழுத்தில் ஆஃபர் வர 12ஆம் வகுப்பின் ஆகஸ்ட் 1 ஆக வேண்டும். கையெழுத்து அந்த டிசம்பரில்தான். அதற்குள் மூன்றரை வருடத்தில் கோச் மாறலாம், ஆட்ட முறை மாறலாம். இன்னொன்று: 14 வயதில் சீக்கிரம் வளர்ந்த பையன் மற்றவர்களைத் தூக்கி எறிவான், 17இல் எல்லோரும் அந்த உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அனுபவப்பட்ட கோச்சுகளுக்கு இது தெரியும். அதனால்தான் 11ஆம் வகுப்பு வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆட்டத்தின் வீடியோ வரும் வரை அவர்கள் காத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கணக்கு. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலில், வரும் வருடத்துக்குக் கிளப் 3,800, தனிப் பயிற்சி 5,600, ஆறு முகாம்களுக்குப் பயணம் தங்கல் சேர்த்து 4,800, ரெக்ரூட்டிங் சர்வீஸ் 3,000 என்று போட்டிருக்கிறீர்கள். மொத்தம் 17,200. நான்கு வருடத்துக்கு 68,800. இடையில் வட்டி மட்டும் கட்டி வந்தாலும் அது ஏறக்குறைய 11,700. ஆக 80 ஆயிரம். பழைய 31,000 தனி.

டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநிலத்துப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் வருடத்துக்கு சுமார் 11 முதல் 15 ஆயிரம். நான்கு வருடத்துக்கு 60 ஆயிரத்துக்குள் அடங்கும். அதாவது 60 ஆயிரம் கட்டணத்தைத் தவிர்க்க 80 ஆயிரம் கடன் வாங்குகிறீர்கள். விடுதி, சாப்பாடும் ஸ்காலர்ஷிப்பில் உண்டு என்பீர்கள். முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் உண்டு. ஆனால் பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் நாடு முழுக்கப் பத்து லட்சம் பேர். என்சிஏஏ கல்லூரிகளில் ஏதாவது ஒரு நிலையில் ஆடுகிறவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். மூன்று நிலைகளில் மேலானதான டிவிஷன் 1க்குப் போகிறவர்கள் மூன்று பேருக்கும் குறைவு. டிவிஷன் 2இல் ஒரு அணிக்கு 36 முழு ஸ்காலர்ஷிப் அளவுப் பணத்தைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். டிவிஷன் 3இலும், ஹார்வர்ட், யேல் போன்றவை இருக்கும் ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

'இப்போது கல்லூரியே வீரர்களுக்குச் சம்பளம் மாதிரி தருகிறதாமே' என்ற பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரச ஒப்பந்தப்படி 2025-26 முதல் ஒரு கல்லூரி வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பங்கு தரலாம் என்பது உண்மை. அதே ஒப்பந்தத்தில், அதற்குச் சம்மதித்த கல்லூரிகளின் ஃபுட்பால் அணி 105 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் வந்தது. முன்பு சொந்தச் செலவில் படித்து 110ஆவது, 120ஆவது ஆளாகச் சேர்ந்தவர்களின் இடம் அதில் போயிற்று. போதாததற்கு, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பதிவுப் பட்டியல்) வழியாக வரும் 20, 21 வயது வீரரை எடுத்தால் கோச்சுக்கு ஆபத்து குறைவு. பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசல் குறுகிவரும் நேரத்தில் அதற்கு வெளியே டிக்கெட் விற்பவர்கள் பெருகியிருக்கிறார்கள்.

401(கே) கடனுக்கு வருகிறேன். உங்களுக்கு அது இரட்டை ஆபத்து. எச்1பியில் வேலை போனால் வேறு நிறுவனம் தேட 60 நாள்தான் அவகாசம். உதாரணத்துக்கு, 25,000 கடன் பாக்கி இருக்கும்போது வேலை போய், அந்த வருட வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அடைக்க முடியாவிட்டால், பாக்கி முழுதும் வருமானமாகிவிடும். 22% வரி, 10% அபராதம், ஆக 8,000 டாலர் காற்றோடு போகும். அதே சமயம் ஹெலாக் தவணை வாசலில் நிற்கும். வீட்டையே விற்க வேண்டிய நிலை வரலாம்.

8ஆம் வகுப்பைத் திரும்பப் படிக்க வைப்பது டெக்சஸில் பலர் செய்வதுதான். அதற்காகக் கடன் வாங்குவது சரியில்லை. ஒரு வருடம் மூத்தவனாக ஆடுவதில் 9ஆம் வகுப்பில் தெரியும் லாபம் 12இல் கரைந்துவிடும். டெக்சஸ் அரசுப் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யுஐஎல் அமைப்பு வைத்திருக்கும் வயது வரம்பும் உண்டு: செப்டம்பர் 1 அன்று 19 நிரம்பியிருக்கக் கூடாது.

உங்கள் நண்பர் காட்டிய ஐயுஎல் பாலிசியையும் மூடி வையுங்கள். நான்கு வருடத்தில் தேவைப்படும் பணத்தை, ஆரம்ப வருடங்களில் சரண்டர் கட்டணம் கடிக்கும் பாலிசியில் போடச் சொல்பவர் தன் கமிஷனைத்தான் பார்க்கிறார்.

செலவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கும் பணத்திலிருந்து வருடத்துக்கு 4,000, அதற்கு மேல் இல்லை. அதில் டல்லாஸ் சுற்றுவட்டாரத்துக்குள் ஆடும் கிளப், வாரம் ஒரு தனிப் பயிற்சிக்குப் பதில் பள்ளியின் வெயிட் ரூம். வசந்த காலத்தில் பள்ளி டிராக் அணியில் 100, 200 மீட்டர் ஓடட்டும். மின்னணுக் கடிகாரம் காட்டும் நேரத்தைக் கோச்சுகள் நம்புகிறார்கள், அது இலவசம். வெளியூர் முகாம் 10ஆம் வகுப்பு முடிந்த கோடையில் இரண்டு போதும்; அதுவும் அந்தக் கல்லூரிக் கோச் உங்கள் பள்ளிக் கோச்சிடம் பேசியிருந்தால் மட்டும். ரெக்ரூட்டிங் சர்வீஸ் செய்யும் வேலையை நீங்களே செய்யலாம்: ஹட்ல் என்ற விளையாட்டு வீடியோ தளத்தில் மூன்று நிமிட வீடியோ, சிறந்த ஐந்து ஆட்டங்கள் முதலில், ஒவ்வொன்றிலும் பந்து நகரும் முன் மகனைக் காட்டும் அம்புக்குறி, தொடக்கத்தில் உயரம், எடை, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), பள்ளிக் கோச்சின் எண்.

ஜிபிஏவைப் பட்டியலின் நடுவில் சொன்னதால் அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். டிவிஷன் 1க்கு 16 கோர் பாடங்களும் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற அடிப்படைப் பாடங்கள்) அவற்றில் 2.3 சராசரியும் வேண்டும். 10 பாடங்கள் 12ஆம் வகுப்பு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். அவை 9ஆம் வகுப்பிலிருந்து எண்ணப்படுகின்றன, அதாவது இந்த ஆகஸ்டிலிருந்து. டிவிஷன் 3 கல்லூரி தரும் மெரிட் உதவியும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான்.

என்றாவது ஒரு கோச் ஆஃபர் என்று சொன்னால், மகனையே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "நான் இன்றைக்கே கமிட் செய்தால், அதாவது வருகிறேன் என்று உறுதி சொன்னால், ஏற்றுக்கொள்வீர்களா?" தயங்கிப் பதில் வந்தால் அது ஆஃபர் அல்ல, அதை நம்பி ஒரு செலவும் கூடாது.

மிச்சப்படும் பணத்தில் மாதம் 1,100 ஹெலாக்குக்குக் கட்டுங்கள். 31,000 பாக்கி 32 மாதத்தில் தீரும். இந்த ஆகஸ்டில் தொடங்கினால் மகன் 11ஆம் வகுப்பின் மார்ச்சில் இருப்பான். கல்லூரிகள் தங்கள் செலவில் மாணவர்களை அழைத்துப் பார்க்கும் காலம் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. மைத்துனர் மறுபடி கேட்டால் 80 ஆயிரம் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்போதும் பிடிவாதம் பிடித்தால் பாதியை அவர் போடட்டும் என்று மனைவியை விட்டே கேட்கச் சொல்லுங்கள். இந்த வாரமே வங்கிக்கு போன் செய்து ஹெலாக்கிலிருந்து புதிதாகப் பணம் எடுக்கும் வசதியை நிறுத்தி வைக்கச் சொல்லி, அதற்கான உறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.