தெரிந்த சொல்தான், வரி மட்டும் ஏன் புரியவில்லை?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ‘ஹேம்லெட்’ வாசிக்கும்போது கடினமான சொற்களுக்கு அடிக்குறிப்பு கைகொடுக்கிறது. நன்றாகத் தெரிந்த சொற்கள் வரும் இடங்களில்தான் பொருள் இடிக்கிறது. கைப்பேசி அகராதியும் உதவவில்லை. பழைய பொருளைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். தெரிந்த சொல்லுக்குப் புரட்டுவதில்லை. வினையே அங்கேதான். சி. எஸ். லூயிஸ் ‘ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்’ (1960) நூலில் இதற்கு ‘ஆபத்தான பொருள்’ என்றே பெயர் வைத்தார். இன்று நம் மனதில் முந்திக்கொண்டு வரும் பொருள் பழைய வாக்கியத்திலும் ஒருமாதிரி ஒட்டிவிடும். ஒட்டாவிட்டால் உஷாராகிவிடுவோம்.

ஒட்டாததற்கு உதாரணம்: முதல் அங்கம், நான்காம் காட்சி. ஆவியின் பின்னே போகவிடாமல் பிடித்துக்கொள்பவர்களிடம் ஹேம்லெட், ‘ஐல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ’ என்கிறான். ‘லெட்’ என்பதை ‘விடு’ என்று கொண்டால், என்னைப் போகவிடுபவனைக் கொல்வேன் என்று அபத்தமாகிவிடும். இங்கே அது ‘தடு’. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைகள். காலப்போக்கில் வடிவம் ஒன்றாகிவிட்டது. ‘தடை’ என்ற அந்தப் பொருள் இன்னும் உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறது: ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’.

ஒட்டி ஏமாற்றுவதற்கு உதாரணம், இரண்டாம் காட்சியில் அவன் சொல்லும் ‘ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே’. இன்றைய ஆங்கிலத்தில் ‘ஐ டவுட்’ என்றால் அப்படி இருக்காது என்ற பக்கம் சாயும். ஹேம்லெட் சொல்வதோ, ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன் என்பது. தமிழில் நாம் ‘சந்தேகப்படுகிறேன்’ என்பதும் இதே பொருளில்தான் என்பதால் இங்கே நமக்குக் கொஞ்சம் சௌகரியம்.

ஜேன் ஆஸ்டினிடம் பொறிகள் அதிகம். ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ (1813) நாவலில் எலிசபெத் தன் அக்காவை ‘கேண்டிட்’ என்று புகழ்கிறாள். ஒளிவுமறைவின்றிப் பேசுபவள் என்று எழுதிவிட்டால் பாத்திரமே தலைகீழாகும். பிறரிடம் நல்லதையே பார்ப்பவள், குறை சொல்லாதவள் என்பதே அன்றைய பொருள்; எலிசபெத்தே அதை விளக்கவும் செய்கிறாள். ‘எம்மா’வில் எல்டன் வண்டிக்குள் ‘மேக்கிங் லவ்’ செய்வது வெறும் வாய்ப்பேச்சு, காதலைச் சொல்லிக் கெஞ்சுவது. அவ்வளவே.

இனி தேடும் முறை. முதலில் படைப்பின் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், கையில் உள்ள பதிப்பின் ஆண்டை அல்ல. ஷேக்ஸ்பியருக்கு அலெக்சாண்டர் ஷ்மிட்டின் ‘ஷேக்ஸ்பியர் லெக்சிகன்’ (1874–75) இணையத்தில் இலவசம். ஒரு சொல் எந்தெந்த நாடகத்தில் எந்தப் பொருளில் வருகிறது என்று வரி எண்ணுடன் பிரித்துக் காட்டும். ஆஸ்டினுக்கு சாமுவேல் ஜான்சனின் அகராதி (1755) பொருத்தம். இரண்டுக்கும் மேலே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. அதில் பொருள்கள் காலவரிசையில் நிற்கும், வழக்கொழிந்தவற்றுக்குக் குறுவாள் குறி (†) இருக்கும். அங்கே விளக்கத்தைவிட மேற்கோள்களைப் பாருங்கள்: உங்கள் படைப்பின் ஆண்டுக்கு முன்னும் பின்னும் மேற்கோள் இருந்தால்தான் அந்தப் பொருளை நம்பலாம். சந்தா கட்ட வேண்டிய தளம் அது, எனவே பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். கிடைத்த பொருளை வரியில் வைத்து, முன்னும் பின்னும் மூன்று நான்கு வரிகளைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

1611 ஆங்கில பைபிளுக்கு நம்மிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:15இல் உயிரோடிருப்பவர்கள், மரித்தவர்களை ‘ப்ரிவென்ட்’ செய்வதில்லை என்று வரும். எதைத் தடுப்பது என்று குழம்பினால் தமிழ் பைபிளைத் திறங்கள்: ‘முந்திக்கொள்வதில்லை’ என்றிருக்கும். அதுதான் அன்றைய பொருள்.

வழக்கமாக நேரும் பிழை, சொல்லின் வேரைப் பிடித்துக்கொள்வது. ‘நைஸ்’ லத்தீனில் ‘அறியாத’ என்ற சொல்லிலிருந்து வந்தது உண்மை. ஆனால் ஆஸ்டினின் ‘நார்த்தேங்கர் அபே’ நாவலில் ஹென்றி டில்னி அந்தச் சொல்லை வைத்துக் கேத்தரினைச் சீண்டும் இடத்தில் அந்த வேருக்கு வேலை இல்லை, நேர்த்தி, நுட்பம் என்ற பொருளையே அவன் எடுத்துப் பேசுகிறான். இன்னொரு பிழை, ஷேக்ஸ்பியருக்கு ஜான்சனை மட்டும் நம்புவது. இருவருக்கும் இடையே ஏறத்தாழ 150 ஆண்டுகள்.

பழைய பொருளைக் கற்ற உற்சாகத்தில் எல்லா ‘லெட்’டையும் ‘தடு’ ஆக்கிவிடாதீர்கள். ஷேக்ஸ்பியரிடம் பெரும்பாலும் அது ‘விடு’தான். இலக்கணம் காட்டிக்கொடுக்கும்: ‘லெட் மீ’க்குப் பின் ‘கோ’, ‘ஸ்பீக்’ போல இன்னொரு வினை வந்தால் ‘விடு’, ஆவிக் காட்சியில்போல ‘மீ’யோடு வாக்கியம் முடிந்துவிட்டால் ‘தடு’வா என்று பாருங்கள்.