வளவு மண்ணில் செங்கல் அரிதல்: கேள்வி பதில்

அண்ணை, வளவுச் செம்மண்ணில் ஐம்பது கல் அரிந்தேன். மூன்றாம் நாளே முக்கால்வாசி நடுவால் வெடித்துவிட்டது. மண் பிழையா, கை பிழையா? (சுன்னாகம்)

எங்கே காய வைத்தீர்கள் என்று சொல்லவில்லையே தம்பி. முற்றத்து வெயிலில்தான் என்று நினைக்கிறேன். கல்லின் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே ஈரம் இருக்கும்வரை உட்புறம் விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறியில் வெடிக்கிறது. வெயிலைவிடச் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) இன்னும் மோசம். காற்றடிக்கிற பக்கம் மட்டும் காய்ந்து கல் வளைந்துபோகும்.

மாமர நிழலில் நிலத்துக்கு மணல் தூவி, அதன்மேல் கல்லை வையுங்கள். வெறும் நிலத்தில் வைத்தால் அடி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சுருங்க இடமில்லாமல் கல் கிழியும். முதல் இரண்டு நாள் கிடுகால் மூடி வையுங்கள். விரல் பதியாத அளவுக்கு இறுகியபிறகு விளிம்பில் நிமிர்த்தி, காற்றுப் புக இடைவெளி விடுங்கள். இரண்டு கிழமையாவது பொறுக்க வேண்டும்.

மண்ணையும் ஒருக்கால் பாருங்கள். ஈரக் கல்லில் 10 சென்ரிமீற்றர் கோடு கீறி விடுங்கள். காய்ந்தபின் அது 9 ஆகிவிட்டால் களி மிகுதி, மணல் சேர்க்க வேண்டும்.

அச்சில் ஒட்டிக்கொண்டு மூலைகள் பிய்கின்றன. எண்ணெய் பூசலாமா? (கொடிகாமம்)

தேவையில்லை. அச்சைத் தண்ணீரில் முக்கி, உள்ளே நுண்மணல் தூவுங்கள். மண் உருண்டையையும் மணலில் புரட்டி, ஓங்கி ஒரே அடியாக அச்சுக்குள் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தால் மூலை நிரம்பாது. ஒவ்வொரு கல்லுக்கும் பிறகு அச்சைக் கழுவ வேண்டும். மூலையில் காய்ந்த மண்தான் அடுத்த கல்லைப் பிடித்து இழுக்கும். புது அச்சு செய்வதென்றால் அடிப்பக்கம் ஒரு நூல் அகலமாக இருக்கட்டும், தூக்கச் சுகம்.

தண்ணீரைக் கூட்டினால் சுலபமாகக் கழராதா?

கழரும். கழன்றதும் கல் சரிந்து பரவும், காயும்போது கூடுதலாகச் சுருங்கி வெடிக்கும். இளக வேண்டுமானால் மண்ணை முதல் நாளே ஊறப்போட்டு நன்றாக மிதியுங்கள்.

சூளையில் அருமையாகச் சிவந்த கல், ஒரு மழைக்குப் பிறகு பொட்டுப் பொட்டாகப் பொரிந்து கொட்டுகிறது. (அச்சுவேலி)

இது எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு வியாதி அக்கா. செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மண்ணோடு வந்த சிறு சுண்ணாம்புக்கல் துண்டு சூளை வெக்கையில் சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு ஈரம் பட்டதும் நீறி, ஊதி, செங்கல்லின் தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நானும் ஒருமுறை மணல் மிச்சமென்று கடற்கரை மணலைக் கலந்து சுட்டேன். சிப்பித் துண்டும் சுண்ணாம்புதான் என்று அப்போது உறைக்கவில்லை. அடுத்த மாரியில் கிணற்றடிச் சுவர் அம்மை போட்ட முகம்போல ஆகிவிட்டது!

மண்ணைக் காயவிட்டு, இடித்து, கண் சிறிய அரிதட்டில் அரியுங்கள். அரித்த மண்ணிலும் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சூளையால் எடுத்த கல் ஆறியதும் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைப்பதும் பொரிவதைக் குறைக்கும்.

அப்ப மன்னார்ப் பக்கத்து முருங்கன் களியை ஏற்றி வரலாமா?

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே அந்தக் களி போனது, பெயர் பெற்ற மண்தான். ஆனால் ஈரத்தில் ஊதி, காய்ந்தால் பிளக்கிற கறுப்புக் களி. தனியே அரிந்தால் அழுவீர்கள். மணல் தாராளமாகச் சேருங்கள்.

சுடாமல் பச்சைக் கல்லாகவே கட்டினால்? (சாவகச்சேரி)

என்னைக் கேட்டால் வளவு மண்ணுக்கு அதுதான் பொருத்தம். சுடாத கல்லில் சுண்ணாம்புத் துண்டு ஒரு கெடுதலும் செய்யாது. நறுக்கிய வைக்கோல் கலந்தால் வெடிப்பும் குறையும். அத்திவாரத்தைப் பாறைக்கல்லால் ஒன்றரை அடி உயர்த்தி, கூரைத் தாழ்வாரத்தை நன்றாக வெளியே இறக்கிவிடுங்கள்.

எப்போது தொடங்கலாம்?

தைப்பொங்கல் முடியட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் கிடுகுக்குக் கீழே இருக்கிற கல்லும் கூழாகிவிடும்.