சி, ஓஎஸ், நெட்வொர்க்ஸ்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

22 வருஷமாக ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இந்த மூன்று பாடங்களையும் லேபோடு சேர்த்து நடத்துகிறேன். கேட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் படிப்பவர்கள். முதல் செமஸ்டரில் பைதான், இரண்டாவதில் சி, நான்காவதில் ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), ஐந்தாவதில் நெட்வொர்க்ஸ். அந்த வரிசையை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

இரண்டாம் வருட மாணவி, விருதுநகர்: மேடம், 'வணக்கம்'னு ஒரே ஒரு பிரிண்ட்எஃப். அதுவும் ஃபோர்க்குக்கு முந்தின வரியிலேயே இருக்கு. ஆனா ரெண்டு தடவை பிரிண்ட் ஆகுது. எங்க லேப்ல கேட்டா, 'ஃபோர்க்னா எல்லாமே ரெண்டு தடவைதான்'னு சொல்லிட்டாங்க.

அந்தப் பதிலை ஏற்காமல் கேட்டாயே அம்மா, அதுவே பாதிப் படிப்பு. ஃபோர்க் என்பது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, அதாவது பிராசஸை, பேரன்ட், சைல்டு என இரண்டாக்கும் அழைப்பு. அது நடந்த பிறகு வரும் வரிகளைத்தான் இரண்டு பிராசஸும் ஓட்டும். முந்தின வரியை யாரும் திரும்ப ஓட்டுவதில்லை. பின் எப்படி இரண்டு தடவை வருகிறது?

பிரிண்ட்எஃப் நேராகத் திரைக்கு எழுதாது. உன் பிராசஸின் நினைவகத்திலேயே ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும். நீ வரி முடிவுக்கான பேக்ஸ்லாஷ் என் (\n) போடவில்லை. அதனால் 'வணக்கம்' இன்னும் பஃபரில்தான் கிடக்கிறது. அந்த நேரத்தில் ஃபோர்க். பிராசஸின் நினைவகம் முழுக்கப் படியெடுக்கப்படுகிறது, பஃபரும் சேர்த்து. இரண்டு பிராசஸும் முடியும்போது தன் தன் பஃபரைக் கொட்டுகின்றன. இரண்டு வணக்கம்.

இப்போது பேக்ஸ்லாஷ் என் சேர்த்து ஓட்டு. திரையில் ஒரு தடவைதான் வரும். அதே புரோகிராமின் அவுட்புட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, ஃபைலைத் திறந்து பார். மறுபடி இரண்டு! டெர்மினலுக்குப் போகும்போது வரிக்கு வரி பஃபர் காலியாகும். ஃபைலுக்குப் போகும்போது பஃபர் நிரம்பினால்தான், அல்லது புரோகிராம் முடிந்தால்தான் காலியாகும். ஃபோர்க்குக்கு முன், பஃபரை அப்போதே காலி செய்யும் எஃப்எஃப்ளஷ் போட்டால் எங்கே அனுப்பினாலும் ஒரு தடவைதான். மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது.

இதையொட்டி எல்லோருக்கும் ஒன்று. ஓட்டாத புரோகிராமுக்கு ரெக்கார்டில் அவுட்புட் எழுதாதீர்கள். ஒரு வருஷம் என் வகுப்பில் 38 ரெக்கார்டுகளைத் திருத்தினேன். ஓடும் பிராசஸின் எண்ணைக் காட்டும் கெட்பிஐடி பயிற்சியில் 38 பேருக்கும் ஒரே பிராசஸ் ஐடி. யாரோ ஒரு சீனியரின் கம்ப்யூட்டரில் என்றோ ஓடின எண்! அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் வருடம், ஈரோடு: பைதான் முதல்ல படிக்கணுமா, சி-யா?

காலேஜ் நடத்தும் வரிசையிலேயே படிக்கலாம். சி-யில் நினைவக முகவரிகளைக் கையாளும் பாயின்டர் யூனிட்டை மட்டும் தாண்டிப் போகாதே. நான்காவது செமஸ்டரில் ஓஎஸ் பாடம் அதைத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கும்.

இறுதியாண்டு, சேலம்: ஐ-யின் மதிப்பு 5. ஐ = ஐ++ + ++ஐ. விடை 12-ஆ 13-ஆ? கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கேக்கறேன்.

இரண்டும் இல்லை. சி மொழியின் தர வரையறை 1989-லிருந்தே இதற்கு விடை தரவில்லை. வரையறுக்கப்படாத செயல், அவ்வளவுதான்.

25 வருடமாக சி எழுதுபவர், கோவை: மேடம், மன்னிக்கணும். டர்போ சி-ல எப்ப ஓட்டினாலும் 13தான். நீங்களேதான் ஓட்டிப் பாருன்னு சொல்றீங்க. நான் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்றேன்.

சார், டர்போ சி என்ற உங்கள் பழைய கம்பைலரில் 13 வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்தக் கம்பைலர் செய்த தேர்வு. இடமிருந்து வலமாகப் போனால் 5 கூட்டல் 7, ஆக 12. முன்-கூட்டலை (++ஐ) முதலில் முடித்து, 6 கூட்டல் 6 போட்டு, பின்-கூட்டலை (ஐ++) கடைசியில் சேர்த்தால் 13. இரண்டுக்கும் மொழி இடம் கொடுக்கிறது. வேறு எது வந்தாலும் மொழி தடுக்காது. ஓட்டிப் பார்ப்பது என்றால் ஒரே கம்பைலரில் நின்றுவிடுவது இல்லை. ஜிசிசி என்ற இன்றைய கம்பைலரில் எச்சரிக்கைகளை இயக்கும் -Wall தேர்வோடு கம்பைல் செய்யுங்கள். ஐ-யின் மீதான செயல் வரையறுக்கப்படாததாக இருக்கலாம் என்று அதுவே சொல்லும்.

அதே கோவைக்காரர்: கிளாஸ்ரூமுக்கு டர்போ சி போதும்னுதான் சொல்றேன். நாங்க எல்லாரும் அதுலதானே படிச்சோம்?

போதாது சார். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டர்போ சி-யில் இன்ட் என்பது 2 பைட். அதிகபட்சம் 32767. 0-விலிருந்து 40000 வரை எண்ணும் சாதாரண லூப்பை அதில் ஓட்டினால் முடியவே முடியாது. 32767-ஐத் தாண்டியதும் எண் மைனஸுக்குப் போய்விடும். இன்றைய ஜிசிசி-யில் இன்ட் 4 பைட், அதே லூப் கண் சிமிட்டுவதற்குள் முடியும். அந்த நீலத்திரையில் பழகிய பிள்ளை வேலைக்குப் போன முதல் வாரமே தடுமாறுகிறது. நீங்களும் நானும் அதில் கற்றுக்கொண்டோம், உண்மை. அப்போது வேறு கிடைக்கவில்லை.

வேலை தேடுபவர், மதுரை: ஆனா இன்டர்வியூல கேக்கறாங்களே மேடம்? 13-னு சொல்லலைன்னா?

'இது வரையறுக்கப்படாதது' என்று காரணத்தோடு சொல்லு. கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் உன் மேல் மதிப்பு கூடும். இந்த ஐ++ பேச்சு இத்தோடு போதும். இன்னும் 11 பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் மேலே உள்ளதுதான் பதில்.

மூன்றாம் வருடம், நாகர்கோவில்: ஓஎஸ்ஐ ஏழு அடுக்கையும் மறக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க.

நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் மாதிரிதான் ஓஎஸ்ஐ. மனப்பாடம் பண்ணாதே, கண்ணால் பார். நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் இறக்கி, ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, ஒரு பாக்கெட்டைச் சொடுக்கு. முதலில் ஈதர்நெட் தலைப்பு, 14 பைட். அதற்குள் ஐபி, குறைந்தது 20 பைட். அதற்குள் டிசிபி, அதுவும் குறைந்தது 20. ஒன்றை ஒன்று போர்த்திக்கொண்டு வரும், வெங்காயம் மாதிரி. பக்கத்தைத் திறந்த நொடியில் இணைப்பைத் தொடங்கப் போன சின், திரும்பிய சின்-ஆக், பிறகு ஆக், மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டலாம். ஏழு அடுக்கில் செஷன், பிரசன்டேஷன் இரண்டுக்கும் தனித் தலைப்பு அங்கே தேடினாலும் இருக்காது. நிஜ இணையம் டிசிபி/ஐபி-யில் ஓடுகிறது, அந்த வேலைகளை அப்ளிகேஷனே பார்த்துக்கொள்கிறது.

தஞ்சாவூர்: 192.168.1.0/26, எத்தனை ஹோஸ்ட்?

ஐபி முகவரியின் 32 பிட்டில் நெட்வொர்க்குக்கான 26 போக 6 பிட். 64 முகவரி. நெட்வொர்க்குக்கு ஒன்று, பிராட்காஸ்ட்டுக்கு ஒன்று கழித்தால் 62.

ஓஎஸ் ஆர்வலர், திருச்சி: லினக்ஸ் கெர்னல் கோடு படிக்க ஆசை. எங்கே தொடங்க?

லினக்ஸில் தொடங்காதே தம்பி, கடல். எம்ஐடி-யில் பாடம் நடத்த எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன ஓஎஸ் இருக்கிறது. பழைய யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் வடிவம். பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடும். எந்தப் பிராசஸ் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் அதன் ஷெட்யூலரை ஒரே மாலையில் படித்துவிடலாம். படித்ததும் ஒரு சிஸ்டம் கால் நீயே சேர்த்துப் பார்.

பெற்றோர், கரூர்: மகனுக்கு சிஎஸ்இ-யா, ஐடி-யா?

இந்த மூன்று பாடங்களும் இரண்டிலும் உண்டு. லேப் நன்றாக நடக்கும் காலேஜாகப் பாருங்கள்.

கடலூர்: ஓஎஸ்-ல 13 மார்க்குக்கு முக்கியமான கேள்வி சொல்லுங்க மேடம்.

சொல்ல மாட்டேன் அப்பா.

பெயர் சொல்லாதவர்: பைதானா சி-யா?

மேலே ஈரோட்டுக்குச் சொன்னேன்.

இறுதியாண்டு: ப்ராஜெக்ட் சென்டர்ல நெட்வொர்க் ப்ராஜெக்ட் வாங்கலாமா?

வேண்டாம். சாக்கெட் வைத்து இரண்டு கம்ப்யூட்டர் பேசும் சின்ன சாட் புரோகிராம் எழுது. உன் கையால் ஓடியது என்றால் வைவாவில் எந்த வரியைக் கேட்டாலும் சொல்வாய். வாங்கினதும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினதும் ஒன்றுதான்.

கடலூர்: ஒரு யூனிட்டாவது சொல்லுங்க...

ஐந்து யூனிட்டும்.

விருதுநகர் மாணவி: மேடம், மூணையும் ஓட்டிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சு. ஆனா சைல்டோட பேரன்ட் ஐடியையும் பிரிண்ட் பண்ணினேன். சில தடவை சரியா வருது, சில தடவை 1-னு வருது. என் புரோகிராம் தப்பா?

தப்பில்லை. பேரன்ட் முந்திக்கொண்டு முடிந்துவிட்டால் சைல்டு அநாதையாகிறது. அதை 1-ஆம் எண் பிராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும். சில டெஸ்க்டாப் லினக்ஸில் அந்த வேலையை வேறு பிராசஸ் செய்யும், அதனால் பக்கத்து சீட்டில் 1-க்குப் பதில் வேறு எண் வந்தால் பயப்படாதீர்கள். பேரன்ட் பக்கம், சைல்டு முடியும்வரை காத்திருக்க வைக்கும் வெயிட் ஒன்று போட்டு, இருபது தடவை ஓட்டு. என்ன வந்தது என்று நாளைக்கு இங்கேயே எழுது, காத்திருக்கிறேன்.